பக்கத்து வீட்டுக் கிணற்று மீன்

காஜா பெராங், மலாக்கா
தாரண வருஷம், ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

என் அன்பு மகன் தியாகுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நான், மருமகள் கமலவேணி, குழந்தை சந்திரமதி மூவரும் கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், குவாலா லிப்பிஸில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். எப்போதும் இந்த இடத்தில் எல்லாரும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். அந்த வரியை எழுதும்போது நான் இவர்கள் இருவருடைய முகத்தையும் ஒரு முறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. இதைத் தபாலில் போடவில்லை, அங்கே ஜப்பான்காரர்கள் பிரித்துப் படிக்கிறார்கள். மலாக்காவுக்கு வரும் ரயில் தண்டவாளத்தையே சயாமுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால் ரயிலில் வருகிறவர் போகிறவரும் இல்லை. பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து ஓடும் லாரியை ஓட்டும் தேவதாஸ் நாளை விடியற்காலை உன் பக்கம் உப்பு ஏற்றிப் போகிறான், அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீராவது கொடு. உன் சித்தப்பா மகன் ராஜரத்தினம் இந்த வாரம் சிரம்பானிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போனான். தெருக்குழாயடியில் எதையோ கேட்டுக்கொண்டு போயிருக்கிறான், போகும்போது என்னிடம், பெரியப்பா, அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா என்றான். அவன் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கமலவேணி கிணற்று மீனைத் திருடிச் சுட்டாள் என்று அவன் சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நடந்தது இன்னதென்று நான் சொல்லியாக வேண்டும், சொல்ல வேண்டியவனும் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும். என்னை நம் வரிசை வீடுகளுக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் ஆபீசுக்குப் போனேன், கையில் துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். உன் மகன் கொசு இலாகாவில்தானே இருக்கிறான், உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமே என்றார்கள். வாய்க்காலில் தெளிக்க இப்போது எண்ணெய் கிடையாது, மலேரியா வீட்டுக்கு வீடு போகிறது, ஆகையால் ஒவ்வொரு கிணற்றிலும் கொசுப்புழு தின்னும் மீன் இருக்க வேண்டும் என்று உத்தரவு. நீ இங்கே இருந்தபோது போத்தலில் போட்டுக்கொண்டு வந்து காட்டுவாயே, அதே மீன்தான். சுண்டுவிரல் நீளம்கூட வராது, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே அசையாமல் நிற்கும், தலை நடுவில் வெள்ளியை ஒரு சொட்டு விட்டதுபோல் புள்ளி. மலாய்க்காரர்கள் ஈயத்தலை என்ற பொருளில் கெப்பாலா தீமா என்கிறார்கள், சந்திரமதி அதற்குப் பொட்டு மீன் என்று பெயர் வைத்திருக்கிறாள். இந்தியாவில் நம் ஊர்க் குளங்களிலும் இது உண்டு என்று நீ சொன்னாய். இருக்கலாம், நான் மீனைத் தட்டிலும் பார்த்தவனல்ல, குளத்திலும் பார்த்தவனல்ல. பாச்சாங் வயல் வாய்க்காலில் பழைய வேட்டித் துண்டை இரண்டு கையாலும் விரித்து அள்ளி, பால் டின்னில் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டேன். மீன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டேன். நம் நிழல் தண்ணீரில் விழாதபடி சூரியனைப் பார்த்து நின்று, செத்த ஈ ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்து வெறும் கிராணியாக இருந்த எனக்குத் தெருவில் ஈக்கிராணி என்று பெயர் வந்துவிட்டது. வாத்து வளர்க்கும் பூங்காவனம், கிராணி ஐயா, எங்க மீனு நேத்துலேருந்து இருமுது, கொஞ்சம் மருந்து எழுதிக் குடுங்களேன் என்று வழிமறித்துக் கேட்டாள், நான் ஒரு நிமிஷம் அதை மெய்யென்று நம்பி நின்றுவிட்டேன், தெருவே சிரித்தது. அந்த வெட்கமெல்லாம் இப்போது நினைத்தால் எவ்வளவு லேசான வெட்கம்.

ஆடி கடைசியில் மீன்கள் குறைய ஆரம்பித்தன. நம் கிணற்றில் அல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாசாமி வீட்டுக் கிணற்றில். நம் கிணற்றில் அந்த மாதம் குடிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் நின்றதால் துணி துவைக்கக் கமலவேணி அங்கேதான் போவாள். அப்பாசாமி சுங்கத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே நம்மிடம் எவ்வளவு மரியாதை என்பது உனக்குத் தெரியும். நானோ அவர்கள் பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன சிட்டி சமூகத்தார், கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாயை, தமிழ் என்றால் நாலு சொல் என்று எத்தனை முறை உன் காது கேட்கவே இளக்காரமாகச் சொல்லியிருப்பேன். மீன் எங்கே போகிறது என்று நான் முறையாகத்தான் யோசித்தேன். பூனையாக இருக்கலாம், மீன்கொத்தியாக இருக்கலாம், மனிதராகவும் இருக்கலாம். மனிதர் என்றதும் என் புத்தி மீன் சாப்பிடும் வீடுகளை மட்டும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. நம் வீட்டை நான் நினைக்கவில்லை, இந்த வரிசையில் வேறு யாரும் நினைக்கவில்லை. சைவ வீட்டு அடுப்புக்கு மீன் போகும் என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு சுகாதார அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார், ஜப்பான்காரர், மலாய் கொஞ்சம் தெரியும், கூட மொழிபெயர்க்க ஓர் ஆள். முதலில் நம் கிணறு. ஈயைப் போட்டேன், புள்ளிகள் மேலே வந்தன, அவர் தலையை அசைத்தார், பரீட்சையில் தேறிய பையனைப் போல எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அடுத்தது அப்பாசாமி கிணறு. ஈயைப் போட்டோம், காத்திருந்தோம், ஈ மிதந்துகொண்டே இருந்தது. மீன் எங்கே என்றார். இருந்தது துவான், எங்கே போனதோ தெரியவில்லை என்றார் அப்பாசாமி. அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். தியாகு, அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நானாகத்தான் சொன்னேன், எங்கள் வீடு சைவம், நாங்கள் மீனைத் தொடமாட்டோம் என்று. கூட வந்த ஆள் அதை மலாயில் எடுத்துச் சொல்லும்போது, இந்த வீட்டுக்காரர்கள் தின்னமாட்டார்கள் துவான், அந்த வீட்டுக்காரர்கள்தான் தின்பார்கள் என்று வாலையும் சேர்த்துச் சொன்னான். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். அப்படி நான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாசாமியைக் கன்னத்தில் அறைந்தார்கள், அவர் விழுந்து எழுந்ததும் மறுபடி அறைந்தார்கள், பிறகு அவர் கிணற்றுத் தண்ணீரையே வாளி நிறைய மொண்டு தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முச்சந்தியில் நிற்க வைத்தார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றார். கை இறங்கும்போதெல்லாம் தண்ணீர் அவர்மேல் கொட்டியது, கொட்டியதை மறுபடி நிரப்பச் சொன்னார்கள். நான் கைப்பட்டையோடு நிழலில் நின்றேன். அவர் வீட்டு அரிசிச் சீட்டையும் பறித்துக்கொண்டு போனார்கள், தின்றவன் தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் திரும்பத் தருவார்களாம்.

அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. அதைச் சொல்லலாம் என்று கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனேன். நான் அங்கே போகிற வழக்கமில்லை. எனக்குக் கூடத்தில் தட்டு வரும், நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவிய பிறகு பெண்களும் குழந்தையும் உள்ளே உட்காருவார்கள், உன் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான், உன் பாட்டனார் காலத்திலும் அப்படித்தான், அதை மரியாதை என்று வைத்திருக்கிறோம். அன்று நான் முச்சந்தியிலேயே நின்றுவிட்டதால் குழந்தைக்குப் பசி பொறுக்கவில்லை போலிருக்கிறது, சந்திரமதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் பிசைந்த மரவள்ளிக்கிழங்கு, அதன்மேல் வாட்டிய சிறு மீன்கள். தலைப் புள்ளி கருகிப்போயிருந்தது, ஆனாலும் தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குத் தெரியாமல் போகுமா. பக்கத்தில் பானையில் சோறு இருந்தது, ஒரு தட்டுக்கு. என் தட்டுக்கு. கமலவேணி எழுந்து நின்றாள், மறைக்கவில்லை, அழவில்லை. மாமா, வையிறதுன்னா என்னை வைங்க, பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும் என்றாள். ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னத்தைச் சொல்றது மாமா, அரிசி ஒரு ஆளுக்குத்தான் காணும் என்றாள், வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அதே குரலில்.

எத்தனை மாதமாக இப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சித்திரையில் குழந்தைக்குக் கால் வீங்கியது, முடி செம்பட்டை பாய்ந்தது. அதை நானும் பார்த்தேன், எண்ணெய் இல்லாததால் முடி வெளுக்கிறது என்று நினைத்தேன். வேலிக்கு அப்பால் அப்பாசாமி மனைவி பொன்னம்மாதான் அந்தக் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, விரல் பதிந்த பள்ளம் எழும்பவில்லை, மீனோ முட்டையோ கொடு, இல்லாவிட்டால் பிள்ளை தங்காது என்று சொல்லியிருக்கிறாள். முட்டை கண்ணில் படுவதில்லை, கடல்மீன் நம் கைக்கு எட்டாது. பாச்சாங்குக்குக் கூடை எடுத்துக்கொண்டு போனால் கிராணி வீட்டு மருமகள் மீன் பிடிக்கிறாள் என்று எனக்குத் தலைகுனிவு என்று கமலவேணி போகவில்லையாம். நம் கிணற்றில் நான் ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்ப்பவன். ஆகவே பொன்னம்மாதான் தன் வாளியையே கொடுத்து எங்கள் கிணற்றில் அள்ளிக்கொள் என்றிருக்கிறாள். திருட்டு என்று ராஜரத்தினம் சொன்னால் நீ இதை அவனுக்குச் சொல். நீயும் தின்றாயா என்று கமலவேணியைக் கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினாள், கிழங்கு மட்டும்தானாம். அவள் கழுத்தெலும்பை அன்றுதான் பார்த்தேன். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மறைத்தால் நெஞ்சை அறுக்கும். வெள்ளிதோறும் குழந்தையின் காலில் திருநீறு பூசிப் பதிகம் பாடி வந்தேன். வீக்கம் வடிந்ததும் பதிகம் பலித்தது என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்லி, வீட்டிலும் வந்து சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டுதான் கமலவேணி எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அப்பாசாமி வீட்டுக்குப் போனேன். நல்ல மலாயில் சொல்வதற்கு வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு போனேன், அவர் கன்னத்தைப் பார்த்ததும் ஒன்றும் நினைவில் இல்லை. அவர் பெஞ்சில் சாய்ந்திருந்தார், பொன்னம்மா மஞ்சளும் அரிசிமாவும் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் கிராணி, என் முகத்தைப் பாருங்கள், இரண்டு வருஷமாகக் கரைந்துபோன சதையெல்லாம் ஒரே காலையில் திரும்பி வந்துவிட்டது என்றார். சிரிக்க முயன்று வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மீன் எங்கள் வீட்டில்தான் இருந்தது என்று சொன்னேன். குவா தாவு, எனக்குத் தெரியும் என்றார். அதிகாரி வருவதற்கு முன்பே தெரியுமாம். தெரிந்துமா நின்றீர்கள் என்றேன். வேறு என்ன செய்ய, பக்கத்து வீட்டுப் பெண் என்று சொன்னால் அவளை நிற்க வைப்பான், மீன் பறந்து போய்விட்டது என்று சொன்னால் இன்னோர் அறை விழும், சும்மா நிற்பதுதான் சுலபமாக இருந்தது என்றார். நான் சொன்னதைக் கேட்டீர்களா என்றேன். கேட்டேன், உங்கள் வீடு சைவம் என்றுதானே நீங்கள் நினைத்தீர்கள், அது பொய் இல்லையே என்றார். அவர் எனக்காக நியாயம் பேசியதைப் போல ஒரு தண்டனை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. பொன்னம்மா அவ்வளவு எளிதாக விடவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதுமே கிராணி, இத்தனை படித்தீர்களே, சும்மா இருப்பதைப் பற்றி அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம்கூடக் கிடையாதா என்று கேட்டாள். பிறகு மஞ்சளைக் குழைத்துக்கொண்டே, சூடா லா, போதும், போய் உட்காருங்கள் என்றாள். நான் கிளம்பும்போது வேலிவரை வந்து, ரோஷத்தில் பிள்ளைக்கு மீனை நிறுத்திவிடாதீர்கள், அது உங்கள் மானத்தைவிடப் பெரிது என்று சொல்லி அனுப்பினாள். அவர்கள் வீட்டு அடுப்பில் அப்போது வெறும் கிழங்குதான் வெந்துகொண்டிருந்தது.

மறுநாளே பாச்சாங்குக்குப் போய் இரண்டு டின் அள்ளி வந்தேன், ஒன்று அப்பாசாமி கிணற்றுக்கு, ஒன்று குழந்தைக்கு. பூங்காவனம் பார்த்துவிட்டு, என்ன கிராணி ஐயா, கொசு ஜாஸ்தியா, பசி ஜாஸ்தியா என்றாள். இரண்டும்தான் அம்மா என்றேன், அவள் வாத்துகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் கிணறு நிறைந்தால் போதுமா, அவர் அரிசிச் சீட்டு? வரும் திங்கட்கிழமை அதே அதிகாரி மறுபடி வருகிறார். பொய் சொல்லாதவன் என்று இத்தனை வருஷம் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. மெய்யைச் சொல்லியே ஒரு மனிதனை அறை வாங்க வைக்கலாம் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். கமலவேணி பெயரையோ குழந்தை பெயரையோ சொல்ல முடியாது. நான் தின்றேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் நான் தின்னவில்லையே. தின்னாமல் தின்றேன் என்று சொன்னால் என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், வெறும் பார்வையிலேயே என்னை உளற வைத்த மனிதர் அவர். இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை கூடாதென்று நேற்று வியாழக்கிழமையே சமையலறைக்குப் போய்க் குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எனக்கும் ஒன்று வை அம்மா என்றேன். கமலவேணி பதறிப்போய், வேணாம் மாமா, உங்களுக்குச் சேராது, நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றாள். அதனால்தான் இன்றைக்கு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன், முள்ளை என்ன செய்வது என்று தெரியவில்லை. துப்பாதீங்க தாத்தா, அப்படியே கடிங்க, முள்ளுதான் மொறுமொறுன்னு இருக்கும் என்று சந்திரமதி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். முதலில் கசப்பு, அப்புறம் சாம்பல் வாடை, அப்புறம், எழுதக் கை கூசுகிறது, நன்றாக இருந்தது. என் பெற்றோருக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது இந்தக் கையை எங்கே ஒளிப்பேன் என்று தெரியவில்லை. கமலவேணி பழக்கத்தில், இன்னொண்ணு வெக்கட்டா மாமா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. உனக்கு இரண்டு வைத்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன், மாட்டேன் என்றாள், மாமனார் தின்ற பிறகு உனக்கு என்ன விரதம் என்றேன், திரும்பி உட்கார்ந்து தின்றாள். பானைச் சோற்றை மூன்று தட்டிலும் போட்டோம். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது, அதைத்தான் நான் தினமும் முழுதாகத் தின்றிருக்கிறேன். நான் தின்றது ஒரே ஒரு மீன். எத்தனை தின்றாய் என்று அதிகாரி கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

திங்கட்கிழமை அவர் அப்பாசாமி கிணற்றுக்குப் போவதற்கு முன்னால், நம் வாசலிலேயே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். மொழிபெயர்க்கும் ஆளை நம்பாமல் மலாயிலேயே நேராகச் சொல்வேன், வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், சின்ன வாக்கியம்தான். அறைவார்கள், வெயிலில் நிற்க வைப்பார்கள், கைப்பட்டையைப் பிடுங்கினால் எனக்கு அது உபகாரம். இன்று காலை வாளியில் பாதி தண்ணீர் ஊற்றித் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தேன், கை நீண்ட நேரம் தாங்காது. அழைத்துப் போய் அடைத்துவிட்டால் கமலவேணியையும் குழந்தையையும் பொன்னம்மா தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதை அவர்கள் சாப்பிடட்டும், அதில் நீ குற்றம் பார்க்காதே. உனக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும். உன் மனைவி உன் குழந்தையை உயிரோடு வைத்திருக்கிறாள், அதை எனக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய வீடாக இந்த வீட்டை வைத்திருந்தவன் நான். நீ அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கொசுவலை கிழிந்திருந்தால் தைத்துக்கொள், கூட இருக்கிறவர்கள் சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடு. இதையெல்லாம் நடந்து முடிந்த பிறகு எழுதியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். முடிந்த பிறகு என்றால் நான் என்ன எழுதியிருப்பேன் என்பது எனக்கே நிச்சயமில்லை, தியாகு. என்னை எனக்குத் தெரியும். அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் என் நாக்கு மறுபடி எங்கேயாவது ஒளிந்துகொள்ளப் பார்க்கும். ஆனால் அதற்குள் தேவதாஸ் லாரி போய்விட்டிருக்கும், இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துகொண்டிருக்கும், சொன்னதாக உனக்கு எழுதிவிட்டுச் சொல்லாமல் உன் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. அதிகாரியிடம் எனக்குள்ள பயத்துக்கு உன்னிடம் உள்ள பயத்தைக் காவல் போட்டிருக்கிறேன்.

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும், என் சுபாவத்தைக் கொடுக்காமல் உன் அம்மாவின் நெஞ்சுறுதியையும் கொடுக்கட்டும். அவள் திதி இந்த மாதக் கடைசியில் வருகிறது, மறந்துவிடாதே, அரிசி கிடைக்காவிட்டால் கிழங்கை வைத்துப் படை, ஏற்றுக்கொள்வாள். கடைசியாக ஒன்று. எனக்குப் பதில் எழுதி, அதன் ஓரத்தில் கமலவேணியை விசாரித்ததாகச் சொல்லவும் என்று எப்போதும்போல் எழுதி முடிக்காதே. இந்தத் தடவை அவளுக்குத் தனியாக எழுது. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஏகாம்பரம்